20ஆம் தேதிக்கு மேல் கை ஏன் காலியாகிறது?

கேள்வி இதுதான்: காட்பாடிப் பக்கம் வாடகை வீடு, நான்கு பேர், இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, மாதம் 18,000 கைக்கு வருகிறது, சம்பளம் 7ஆம் தேதி. ஓட்டல், சினிமா, டீக்கடை எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் 20ஆம் தேதி தாண்டினால் மளிகைக் கடை நோட்டில்தான் குடும்பம் ஓடுகிறது. இன்னும் எதைக் குறைப்பது?

குறைக்க இனிமேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் என் பதில். உங்கள் சிக்கல் செலவின் அளவைவிடச் செலவின் தேதியில் இருக்கிறது. 7ஆம் தேதி சம்பளம் வந்ததும் முதல் வேலையாக நோட்டுக் கணக்கை அடைக்கிறீர்கள். அதாவது போன மாதம் சாப்பிட்டதற்கு இந்த மாதச் சம்பளம் போகிறது. மீதியில் 13 நாள் ஓட்டுகிறீர்கள், திரும்பவும் 17 நாள் கடன். அந்த 17 நாளும் பருப்பு கால் கிலோ, எண்ணெய் 100 மில்லி பாக்கெட், சோப்பு ஒன்று என்று உதிரியாக வாங்குகிறீர்கள். உதிரிக்கு விலை அதிகம், கடனுக்கு வாங்குகிறவர் பேரம் பேசவும் முடியாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, பணத்துக்கு அவர் 17 நாள் காத்திருக்கிறார், அதற்கான கூலி விலையிலேயே ஏறிவிடுகிறது.

இந்தச் சுழலை ஒரே மாதத்தில் உடைக்கப் பார்த்தால் பாதியிலேயே கைவிட நேரும். ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் நோட்டில் ஏறும் சாமானை எல்லாம் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: வைத்தால் கெடாதது, கெடுவது. பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, தூள், சோப்பு ஒரு பக்கம், பால், காய், தயிர் மறுபக்கம். அடுத்த மாதம் 8ஆம் தேதி, கெடாத பட்டியலில் இரண்டே பொருளை மட்டும் இரண்டு மாத அளவுக்கு வாங்குங்கள். முதலில் பருப்பும் சோப்பும். அதற்கடுத்த மாதம் எண்ணெயும் மிளகாய் மல்லியும். ஒவ்வொரு மாதமும் கூடுதலாகப் போடுவது முந்நூறு, நானூறு ரூபாய் அளவில் இருக்கட்டும். ஐந்தாவது மாதத்தில் 20ஆம் தேதிக்குப் பிறகு நோட்டில் ஏறுவது பாலும் காயும் மட்டுமாக இருக்கும்.

அந்த நானூறு எங்கிருந்து வரும்? 2023 செப்டம்பர் 15 முதல் கொடுத்துவரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் உங்களுக்கு வந்தால், அது மாத நடுவில் வருகிற பணம். பெரும்பாலான வீடுகளில் வந்த வாரமே கரைந்துவிடும். அதில் பாதியைத் தொடாமல் 8ஆம் தேதிவரை வைத்திருந்தாலே போதும். அது வராத வீடு என்றால் கீழே கரண்ட் பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள், அங்கே இதைவிடப் பெரிய தொகை இருக்கிறது.

மொத்தமாக வாங்குவதற்கு வேலூர் மண்டித் தெருவும் லாங்கு பஜாரும் இருக்கின்றன, ஆனால் இரண்டு கிலோ பருப்புக்காக அங்கே போனால் மிச்சத்தைவிட அலைச்சல்தான் அதிகம். அக்கம்பக்கத்தில் மூன்று வீடு சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். 25 கிலோ அரிசி மூட்டை, எண்ணெய் டின் இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். பெண்கள் போனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. எடை போட்டுப் பிரிப்பதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். "அப்புறம் பிரிச்சிக்கலாம்" என்று ஒரு வீட்டில் வைத்த மூட்டையால் பேச்சுவார்த்தை முறிந்த தெருக்கள் உண்டு.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். இப்போது பாக்கெட்டின் மேல் அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில், கிராமுக்கோ மில்லிக்கோ இவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான். துவரம்பருப்பு, எண்ணெய், டீத்தூள் எல்லாம் பெரியதில்தான் மலிவு. ஷாம்பு மட்டும் தலைகீழ்: பாட்டிலைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டில் மில்லி விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பாட்டில் வாங்கினால் அளவில்லாமல் ஊற்றிக்கொள்வது வேறு.

ரேஷனுக்கு வருவோம். துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். ஒரு மாதம் விட்டுப்போனாலும் அந்த இடத்தைக் கடை விலையில்தான் நிரப்ப வேண்டும், அதனால் இவை இரண்டையும் தவறவிடாதீர்கள். ரேஷன் அரிசி வேண்டாம் என்று விற்றுவிட்டுக் கடையில் பொன்னி வாங்குகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. சாதத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி, தோசை, களிக்கு நொய் என்று அதைத் திருப்பிவிடலாம். இட்லிக்கு ரேஷன் புழுங்கல் 4 டம்ளருக்கு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசியை மூன்று தண்ணீர் கழுவி 4 மணி நேரம் ஊறப்போட்டால் அந்த வாடை போய்விடும். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும், அதிகம் ஊறினால் மாவு பொங்காது. சித்திரை, வைகாசி வெயிலில் மாவு 5 மணி நேரத்திலேயே பொங்கிப் புளித்துவிடும். வழக்கம்போலச் சாயங்காலம் ஆட்டி இரவெல்லாம் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் மாவைக் கொட்ட வேண்டியதுதான். அந்த மாதங்களில் இரவு பத்துக்கு ஆட்டி, விடிந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், உப்பை அன்றன்றைய மாவுக்கு மட்டும் போடுங்கள்.

கழுவும்போது சில அரிசி மிதந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி, 100-க்கு 1 என்ற அளவில் கலப்பது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மாவாக்கி அரிசி வடிவில் பிழிந்தது, அதனால்தான் மிதக்கிறது. எறிய வேண்டாம்.

கேவுரு (கேழ்வரகு) களி சிக்கனமா என்று பலரும் கேட்பதுண்டு. இலவச அரிசியோடு காசுக் கணக்கில் அது போட்டி போட முடியாது. கடை அரிசி வாங்கும் நாட்களில், பசி தாங்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் லாபம்தான். நொய் கால் டம்ளரை 3 டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, குழைந்ததும் ஒரு கரண்டித் தண்ணீரைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு டம்ளர் மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல், நடுவில் களிக்கட்டையால் ஒரு துளை போட்டு மூடி, சின்னத் தீயில் 6, 7 நிமிடம் விடுங்கள். இறக்கிய பிறகுதான் கிண்ட வேண்டும். மாவு ஆவியில் வேகுமுன் அவசரப்பட்டுக் கிண்டினால்தான் கட்டி விழுகிறது. இறுகினால் எடுத்து வைத்த தண்ணீர் இருக்கிறது. தொட்டுக்கொள்ளக் காராமணிக் குழம்பு, இல்லையென்றால் மல்லாட்டை (நிலக்கடலை) சட்னி.

குழம்புத்தூளைச் சின்ன பாக்கெட்டில் வாங்குகிற வரைக்கும் நோட்டுக் கணக்கு ஒழியாது. மாசி, பங்குனியில் புது மிளகாயும் புளியும் சந்தைக்கு வரும்போது பிடித்துவிடுங்கள். நான்கு பேருக்கு மாதம் கால் கிலோ தூள் செலவாகும் என்றால் இந்த அளவு கிட்டத்தட்ட ஏழு மாதம் வரும்: மல்லி 1 கிலோ, மிளகாய் அரை கிலோ, துவரம்பருப்பு 100 கிராம், விரலி மஞ்சள் 75 கிராம், மிளகும் சீரகமும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம். மிளகாயும் மல்லியும் இரண்டு நாள் வெயிலில் காய வேண்டும், மிளகாயை உடைத்தால் கலகலவென்று விதை கொட்டுகிற பதம். பருப்பையும் வெந்தயத்தையும் மட்டும் வெறும் வாணலியில் சூடேற வறுத்தால் போதும், மல்லியைச் சிவக்க வறுத்தால் இரண்டே மாதத்தில் மணம் போய்விடும்.

மில்லுக்குப் போனதும் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். சீயக்காய் அரைத்த மெஷினில் உங்கள் மல்லி விழுந்தால் ஏழு மாதமும் குழம்பு கசக்கும். மிளகாய்த்தூள் அரைத்தவருக்கு அடுத்து நிற்பதுதான் நல்லது. அரைத்த தூள் சூடாக இருக்கும், அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும், பின்னாலேயே வண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் வேட்டியில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, ஒரு மாதத்துக்கானதைச் சின்ன டப்பாவிலும் மீதியைக் காற்றுப் புகாத பெரிய டப்பாவிலும் போடுங்கள். ஈரக் கரண்டி பெரிய டப்பா பக்கம் போகக் கூடாது.

வேலூர் வெயிலைத் திட்டுகிறோம், அது இலவச அடுப்பு. உழவர் சந்தையில் கொத்தவரங்காய் சல்லிசாகக் கிடைக்கும் வாரம் 2 கிலோ வாங்கி, உப்புப் போட்ட கொதிநீரில் 3 நிமிடம் போட்டு வடித்துக் காயவையுங்கள். கிலோ காய் 150, 200 கிராமாகச் சுருங்கும். மூன்று, நான்கு நாளில் ஒடித்தால் முறிகிற பதம் வரும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள், இரவு ஈரம் வாங்கினால் நடுவில் பூசணம் பிடிக்கும். மதனப்பள்ளித் தக்காளி வந்து குவிந்து விலை சரியும்போது தொக்குக் கிளறுகிறார்கள். ஒரு மணி நேரம் கேஸ் எரியும், எண்ணெயும் இழுக்கும். கணக்குப் பார்த்தால் தொக்கில் மிச்சம் சொற்பம்தான், ருசிக்காக என்றால் செய்யுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை மட்டும் வத்தல் போட்டுவிடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், வாங்கிய அன்றே குழம்பில் போடுங்கள்.

டோல்கேட், காட்பாடி உழவர் சந்தைகளில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டால் தெருவண்டியில் ஏமாற மாட்டீர்கள். காலை எட்டுக்குள் போனால் நல்ல காய் கிடைக்கும், முடியும் நேரம் போனால் விலை இறங்கும். கீரையை முடியும் நேரம் வாங்கினால் பாதி குப்பைக்குத்தான்.

கேஸ் சீக்கிரம் தீர்கிறது என்பவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள். நம் ஊர் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினநீர். அதிலுள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். அதே பருப்பு காவிரித் தண்ணீரில் பாதி நேரத்தில் மசியும். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பருப்பு வேகவைக்கும் அளவுக்கு ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள், உலைக்கும் குளியலுக்கும் போர் தண்ணீர் போதும். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், காராமணியும் மொச்சையும் என்றால் இரவே ஊறட்டும். உப்பும் புளியும் வெந்த பிறகுதான், முன்னால் புளி விழுந்தால் பருப்பு வேகாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், மேற்கொண்டு பெரிதாக எரிவதெல்லாம் ஆவியாகப் போகிறது. அணைத்ததும் குக்கரின் மேல் பழைய கம்பளியைச் சுற்றி 30 நிமிடம் விட்டால் மிச்ச வேக்காடு சும்மாவே நடக்கும்.

தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டர் வந்ததும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கழுத்தில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும், எடை பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. இத்தனைக்கும் நான்கு பேருக்கு 35 நாள்கூட வரவில்லை என்றால் சோப்பு நுரையை ட்யூபிலும் ரெகுலேட்டரிலும் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ட்யூபை 5 வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

கரண்டில்தான் பெரிய ஓட்டை, அதை யாரும் பேசுவதில்லை. உங்கள் வாடகை வீட்டுக்குத் தனி சர்வீஸ் இருக்கிறதா, இல்லை ஓனர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறாரா? 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன், பிறகு கொஞ்சம் ஏறியிருந்தாலும் கணக்கின் போக்கு அதேதான். தனி சர்வீஸில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 வீதம், ஆக 225 ரூபாய். அதே 200 யூனிட் உள்மீட்டரில் 1,600. வித்தியாசம் 1,375, மாதத்துக்கு ஏறக்குறைய 690. அடுத்த வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கேட்பதற்கு முன்னால் "தனி சர்வீஸா?" என்று கேளுங்கள். வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் தனி சர்வீஸ் வீடே லாபம்.

தனி சர்வீஸ் இருந்து பயன்பாடும் அதிகம் என்றால் 500-வது யூனிட்டுக்குப் பயப்படுங்கள். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510-க்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் ஏறக் காரணம், 500 தாண்டியதும் 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. ரீடிங் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பாருங்கள். கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா என்றால், 75 வாட் பழைய ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட், 28 வாட் ஃபேன் 25 யூனிட். 42 யூனிட் மிச்சம். 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் அது நூறு ரூபாய்கூட ஆகாது, ஃபேன் விலையை எடுப்பதற்குள் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிடுவார்கள். உள்மீட்டர் வீட்டிலும் 500-ஐ ஒட்டிய வீட்டிலும் வாங்கலாம். 9 வாட் பல்புக்காக வீட்டில் சண்டை வேண்டாம், தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்தில் ஐந்தரை யூனிட்தான்.

ஆம்பூர் போய்வர ரயில் சீசன் டிக்கெட் எடுக்கிறாரா பாருங்கள். ஷிப்ட் நேரத்துக்குப் பாசஞ்சர் ரயில் பொருந்தினால் தினசரி பஸ் டிக்கெட்டோடு ஒப்பிடவே முடியாது. ரிசர்வேஷன் பெட்டியில் மட்டும் ஏறக் கூடாது.

இனி கடன். நூறு நாள் தண்டலில் 10,000 எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 கட்ட வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் அந்த 8,500 முழுசாக உங்களிடம் இருப்பதே இல்லை, சராசரிக்கு அதில் பாதிதான். கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 10 ரூபாய் வட்டி. இரண்டு வட்டி அடகுக்கடைகூட இதன் முன்னால் புண்ணியவான். கூட்டுறவு வங்கி நகைக்கடனும் மகளிர் குழுக் கடனும் அதைவிடக் குறைவு. தண்டல் ஓடிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன சாமான் சேர்ப்பதை எல்லாம் தள்ளிவையுங்கள், ஒரு கம்மலை கூட்டுறவில் வைத்தாவது முதலில் அதை முடியுங்கள்.

தீபாவளிச் சீட்டில் பாத்திரமும் இனிப்பும் தருகிறேன் என்று வீடு தேடி வருவார்கள். பதிவு எண் காட்டாத சீட்டில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், இந்தப் பக்கத்துச் சனங்கள் இதில் இழந்தது கொஞ்சமில்லை. தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஆனால் ஐந்து வருடக் கணக்கு, அதனால் தீபாவளிக்கு அது உதவாது. தீபாவளிக்கென்று பேங்கில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் மாதம் 300 போட்டுவந்தாலே போதும், பாத்திரம் கிடைக்காது, பணம் இருக்கும்.

பிள்ளைகளின் முட்டையிலும் பாலிலும் கை வைக்காதீர்கள். அரசுப் பள்ளி மதியச் சாப்பாட்டில் முட்டை இருக்கிறது, ஐந்தாம் வகுப்புவரை காலை உணவும் உண்டு, அதைச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே இலவசமாக வருகிறது, மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

நோட்டுக் கணக்கு கரைந்தாலும் அந்தக் கடைக்குப் போவதை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பாலையும் முட்டையையும் அவரிடமே ரொக்கத்துக்கு வாங்குங்கள். திடீரென்று ஒரு வாரம் சம்பளம் தள்ளிப்போனால் நோட்டைத் திறக்கப்போவது அவர்தான்.